11001001 கோப்பைத் திறக்க ஏன் இரண்டு பேர் வேண்டும்?

மாடிவீட்டு_நிரலர் கேட்டது:

ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரைப் பார்ப்பவர்களிடம் ஒரு சந்தேகம். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முதல் சீசனில், 1988 பிப்ரவரியில் வந்த '11001001' எபிசோடை எட்டாவது படிக்கும் என் பையனோடு உட்கார்ந்து பார்த்தேன். எனக்குப் பழைய எபிசோடுதான். ஆனால் அவன் கேட்ட கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முன்பே தெரிந்தால் ருசிக்காது என்பவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள். எண்டர்பிரைஸ் கப்பல் தன் கணினியை மேம்படுத்திக்கொள்ள ஸ்டார்பேஸ் 74 என்ற விண்வெளி நிலையத்துக்கு வந்து நிற்கிறது. வேலைக்கு வருபவர்கள் பைனர்கள். குள்ளமான, தலையில் முடியில்லாத வேற்றுக்கிரகத்தார். ஜோடி ஜோடியாகத்தான் திரிவார்கள். ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை மற்றவர் முடிப்பார். அவர்களுடைய பைனஸ் கிரகத்தில் ஒரு பெரிய தலைமைக் கணினி இருக்கிறது, எல்லாருடைய வாழ்வும் அதோடு பிணைந்தது. அங்கே ஒரு விண்மீன் வெடிக்கப்போகிறது. அதிலிருந்து கிளம்பும் மின்காந்த அலை அந்தக் கணினியைத் துடைத்துவிடும். அதற்குள் கணினியில் உள்ளதை எல்லாம் வேறெங்காவது கொட்டி வைக்க வேண்டும். அவ்வளவையும் தாங்கக்கூடிய, இடம்விட்டு இடம் போகக்கூடிய கணினி எண்டர்பிரைஸில்தான் இருக்கிறது.

பைனர்கள் என்ன செய்கிறார்கள் என்றால், கப்பலின் எரிபொருளான எதிர்ப்பொருளை அடைத்து வைத்திருக்கும் கட்டுக்காவல் உடைந்து கப்பல் வெடிக்கப்போகிறது என்று பொய் எச்சரிக்கை கிளப்பி, கப்பலில் இருந்தவர்களை இறங்க வைத்து, கப்பலை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். கேப்டன் பிக்கார்டும் அவருக்கு அடுத்த அதிகாரி ரைக்கரும் மட்டும் ஹோலோடெக்கில் (கணினி நிஜம்போலக் காட்சிகளை உருவாக்கும் அறை), ஒரு நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் பாரில், மினுவெட் என்ற நிழலுருப் பெண்ணோடு பேசிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். விஷயம் புரிந்து மேலே வந்தால் நான்கு பைனர்களும் சுருண்டு கிடக்கிறார்கள். ஊர்க் கணினி அணைந்துவிட்டது. தகவலைத் திரும்ப அதற்குள் அனுப்ப வேண்டும், அனுப்ப வேண்டியவர்களோ நினைவில்லாமல் கிடக்கிறார்கள். கோப்பின் பெயரைக் கண்டுபிடித்தால்தான் வழி. நால்வரின் பெயர்கள் 11, 00, 10, 01. அவற்றைச் சேர்த்து எழுதினால் 11001001. அதையும் இரண்டு பேர் சேர்ந்து இயக்கினால்தான் கோப்பு திறக்கிறது.

இப்போது பையனின் கேள்விகள். எட்டு பிட், அதாவது 0 அல்லது 1 வரும் எட்டு இடம் என்றால் மொத்தமே 256 வாய்ப்புதானே, வரிசையாகப் போட்டுப் பார்த்தால் முடிந்துவிடாதா? ஒரு கிரகத்தையே காப்பாற்றும் கோப்புக்கு இவ்வளவு லேசான பெயரா? அப்புறம், வாயைத் திறந்து உதவி கேட்டிருந்தால் பிக்கார்ட் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? "நீங்கள் மறுத்திருக்கலாமே" என்பது பைனர்கள் சொல்லும் காரணம். பையனுக்கு அது போதவில்லை, எனக்கும்தான்.

---

தூரத்து_ஒலி:

முக்கால் மணி நேரக் கதையில் இவ்வளவு தோண்டினால் எல்லாக் கதையிலும் ஓட்டை வரும், மேடம். எனக்கு அந்த எபிசோடில் பிடித்தது பைனர்கள் தங்களுக்குள் வேகமாகப் பேசிக்கொள்ளும் அந்தக் கிறுகிறு சத்தம். 1988இல் ஒலித்தொகுப்புக்கு எம்மி விருது வாங்கிய எபிசோடு அது. ஹெட்போன் போட்டு இன்னொரு தடவை கேளுங்கள்.

---

பிட்_பொறுக்கி:

கணக்கை மட்டும் நான் சொல்கிறேன்.

256 என்பது எதுவுமே தெரியாதவன் தேட வேண்டிய எண்ணிக்கை. பெயர்கள் நான்கையும் ஒவ்வொரு தடவை வைத்துக் கோத்தது என்று தெரிந்தால் 24தான். இன்னும் குறைக்கலாம். 10உம் 01உம் ஒரு ஜோடி, 00உம் 11உம் இன்னொரு ஜோடி. கவனித்துப் பாருங்கள், ஜோடியில் ஒருவர் பெயரைத் தலைகீழாக்கினால், அதாவது 0 இருக்கும் இடத்தில் 1, 1 இருக்கும் இடத்தில் 0 போட்டால், மற்றவர் பெயர் வரும். ஜோடியைப் பிரிக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் எந்த ஜோடி முதலில் என்பதற்கு 2, ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் யார் முதலில் என்பதற்கு 2, 2. மொத்தம் 8. கோப்பின் பெயரைப் பாருங்கள்: 11-00, 10-01. ஜோடிகள் பிரியவே இல்லை.

லேசான பெயரா என்றால், அது பூட்டே இல்லை. வெறும் கோப்புப் பெயர். அரிசி டப்பாவில் அரிசி என்று எழுதி ஒட்டியதைப் பாஸ்வேர்ட் என்று சொல்ல முடியாது.

---

ஓய்வுபெற்ற_காசாளர்:

நிரலர் அம்மா, எனக்குக் கணினி அவ்வளவாக வராது. வங்கியில் காசாளராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த எபிசோடின் முடிச்சு கணினிக்காரர்களைவிட எங்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும்.

ஸ்ட்ராங் ரூம் கதவைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பூட்டு. ஒரு சாவி மேலாளரிடம், ஒன்று தலைமைக் காசாளரிடம். காலையில் இரண்டு பேரும் போய் நிற்க வேண்டும். என் சாவியை நான் போட்டுத் திருப்பினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். கதவு அப்படியே இருக்கும். அவர் சாவியும் திரும்பின பிறகுதான் பெரிய கைப்பிடி அசையும். யாராவது லீவு போட்டால் சாவியைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஏற்கனவே ஒரு சாவி வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுக்கவே கூடாது. ஒரு நாள் பஸ் ஸ்டிரைக். காசாளர் வந்து சேரவில்லை. சாவி என் இடுப்பில் இருக்கிறது, கல்லாவில் காசு இல்லை. வாசலில் பென்ஷன்காரர்கள் என்னைப் பார்த்துத் திட்டுகிறார்கள். நான் அந்தச் சாவியை நூறு தடவை திருப்பியிருந்தாலும் கதவு திறந்திருக்காது.

உங்கள் பையனின் முதல் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. 256ஐயும் போட்டுப் பார்க்கலாம் என்கிறான். யார் போடுவது? ஒருவர் உட்கார்ந்து 256ஐயும் அடித்தால் 256 தடவையும் 'இல்லை' என்றுதான் வரும். சரியான பெயரை அடித்தபோதும் 'இல்லை' என்றுதான் வரும். அதைவிட மோசம், சரியானதைத் தப்பு என்று முடிவு கட்டி ஓரமாக வைத்துவிடுவோம். கணினியை விட்டு அடிக்கச் சொன்னாலும் அதே கதைதான், அதுவும் ஒரே ஆள்தானே. கணக்குப் போட்டு இந்தப் பூட்டைத் திறக்க முடியாது. இவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்திருந்தால்தான் முடியும்.

இன்னொன்று. எங்கள் இரட்டைச் சாவி அவநம்பிக்கையில் பிறந்தது. ஒருவனை நம்ப முடியாது, இரண்டு பேர் சேர்ந்து திருடுவது கொஞ்சம் கஷ்டம், அதனால் இரண்டு சாவி. கணினி வந்த பிறகும் அதேதான், ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். அமெரிக்காவில் மினிட்மேன் ஏவுகணையை ஏவவும் இரண்டு அதிகாரிகள் இரண்டு சாவியை ஒரே சமயத்தில் திருப்ப வேண்டும். ஒரே ஆள் இரண்டு கையையும் நீட்டினாலும் எட்டாத தூரத்தில் அந்தச் சாவித் துவாரங்களை வைத்திருக்கிறார்கள். பைனர்கள் விஷயம் அப்படியில்லை. அவர்களுக்கு ஒருவரை ஒருவர் சந்தேகப்படவே தெரியாது. ஒரு ஆள் என்றாலே அங்கே இரண்டு பேர்தான். அவர்கள் எழுதும் எந்த நிரலும் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கும். அதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று நாம் நினைக்கிறோம். அவர்களைக் கேட்டால் வேறு எப்படி எழுதுவது என்று திருப்பிக் கேட்பார்கள்.

டூப்ளிகேட் சாவி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்ட்ராங் ரூமின் மாற்றுச் சாவிகளை எங்கள் கிளையிலேயே வைக்க மாட்டோம், உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து வேறு கிளையில் கொடுத்து வைப்போம். மினுவெட் என்ற அந்தப் பெண்ணை உருவாக்கி ரைக்கரைக் கப்பலுக்குள்ளேயே பிடித்து வைத்தார்கள் பாருங்கள், என் கணக்கில் அதுதான் பைனர்களின் மாற்றுச் சாவி. தாங்கள் விழுந்துவிட்டால் தொடர்ந்து செய்ய வேறு இனத்தில் ஆள் வேண்டும். கப்பலைத் திருடும்போதும் இதை யோசித்திருக்கிறார்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஏன் கேட்கவில்லை? கடன் விண்ணப்பத்தோடு என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். முடியாது என்று நேராகச் சொல்வது அபூர்வம். "பார்க்கலாம், அடுத்த வாரம் வாங்க" என்போம். வாடிக்கையாளரும் அதைப் புரிந்துகொண்டு வேறு வழி பார்ப்பார், அல்லது அடுத்த வாரம் வந்து மறுபடி உட்காருவார். பைனர்களுக்கு இந்த நடுவழி கிடையாது. ஆம் அல்லது இல்லை. 'இல்லை' என்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு பேச ஒன்றுமில்லை, அவர்கள் இனமே முடிந்தது. கேட்காமல் எடுத்தால் அந்த 'இல்லை' வரவே வராது. அவர்கள் இடத்தில் இருந்து பார்த்தால் சரியான கணக்குதான். நான் ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தமில்லை.

---

மாடிவீட்டு_நிரலர்:

ஐயா, 256 தடவையும் 'இல்லை' வரும் என்று நீங்கள் சொன்னதைப் பையனிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "அப்ப இரண்டு கீபோர்டு மாட்டினால்?" என்கிறான். அந்த வழியை அவனே யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிட்_பொறுக்கி, எட்டு என்ற கணக்கு அருமை. எனக்கு 24 வரைதான் வந்தது.

இப்போது அவனுக்குப் புதுக் கேள்வி. நிஜ விண்கலத்தில் இதுபோல யாராவது எண்களைத் தட்டிக் கப்பலைக் காப்பாற்றியிருக்கிறார்களா?

---

இசட்80_காலத்தவர்:

நிஜ விண்கலத்துக்கு யாராவது வருவதற்குள் நான் ஒன்று போட்டுவிடுகிறேன். 11001001ஐப் பதின்மத்தில், அதாவது நாம் வழக்கமாக எழுதும் எண்முறையில் எழுதினால் 128 + 64 + 8 + 1, அதாவது 201. பதினாறடிமானத்தில், அதாவது 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் வைத்து எழுதும் முறையில், சி9. இன்டெல் 8080, இசட்80 என்ற பழைய கணினிச் சில்லுகளுக்குக் கையால் இயந்திரக் குறி (சில்லு நேரடியாகப் படிக்கும் எண்கள்) எழுதியவர்களுக்கு சி9 பார்த்ததும் கை துறுதுறுக்கும். துணைநிரலை முடித்து, கூப்பிட்ட இடத்துக்கே திரும்பிப் போ என்னும் 'ரிட்டர்ன்' கட்டளை அது. எடுத்த தகவலைத் திருப்பிக் கொடுக்கும் கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா!

வேண்டுமென்றே வைத்தார்களா என்று சண்டைக்கு வர வேண்டாம். தற்செயலாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு இரண்டு நாள் சந்தோஷத்துக்கு இது போதும்.

---

நிலா_நோக்கி:

நிரலர் அக்கா, உங்கள் பையனுக்கு அப்போலோ 14ஐச் சொல்லுங்கள்.

1971 பிப்ரவரி 5. ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் 'அன்டாரிஸ்' என்ற இறங்குகலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டுவர்ட் ரூசா தாய்க்கலத்தில். இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, பயணத்தைக் கைவிடும் பொத்தானை யாரோ அழுத்தியிருப்பதாக ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் ஒரு பிட் காட்டுகிறது. யாரும் அழுத்தவில்லை. அந்தப் பொத்தானுக்குப் பக்கத்துப் பலகையைத் தட்டச் சொல்கிறார்கள். தட்டியதும் பிட் அணைகிறது, கொஞ்ச நேரத்தில் திரும்ப எரிகிறது. பொத்தானுக்குள் ஈயப்பற்றின் சின்னத் துணுக்கு ஏதோ மிதந்து தொடர்பை உண்டாக்குகிறது என்று அனுமானித்தார்கள். இறங்கு எஞ்சின் பற்றிய பிறகு அந்தத் துணுக்கு தொட்டுவிட்டால் கணினி நிஜமாகவே இறங்குவதைக் கைவிட்டுக் கலத்தை மேலே தூக்கிவிடும்.

நிரலை மாற்றி எழுதலாம் என்றால், அந்தக் கணினியின் நிரல் காந்த வளையங்களுக்குள் செப்புக் கம்பியாகப் பின்னப்பட்டது. அதை அங்கே வைத்து மாற்றவே முடியாது. மாற்ற முடிந்தது அழித்து எழுதக்கூடிய ஒரு சின்ன நினைவகத்தை மட்டும். மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜில் டிரேப்பர் ஆய்வகத்தில் இருந்த டான் ஐல்ஸ் என்ற இளைஞர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். கைவிடும் நிரல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது என்று கணினியை நம்பவைத்துவிட்டால் அது பொத்தானைப் பார்க்கவே பார்க்காது. ஏற்கனவே கைவிட்டாயிற்றே, இனி எதைக் கைவிடுவது? அதைச் சிமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து, ரேடியோவில் ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்கள். மிட்செல் விசைப்பலகையில் அடித்தார். மொத்தம் 61 விசை அடிப்புகள். இறங்கினார்கள்.

இங்கேயும் இரண்டு பேர் இருக்கிறார்கள் பாருங்கள், ஒருவர் பூமியில், ஒருவர் நிலவுக்கு மேலே. விடை தெரிந்தவர் கையில் விசைப்பலகை இல்லை.

இன்னும் பக்கத்துக் காலத்தில் வேண்டுமென்றால் நாசாவின் ஆளில்லா விண்கலம் வாயேஜர் 1. 1977இல் கிளம்பியது, 2023 நவம்பரில் அர்த்தமில்லாத பிட்களை அனுப்பத் தொடங்கியது. தகவலைக் கட்டி அனுப்பும் கணினியில் ஒரு நினைவகச் சில்லு செத்துவிட்டது. அதில் இருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றால் முழுசாக வைக்க ஒரே இடம் எங்குமில்லை. துண்டு துண்டாக உடைத்து, கிடைத்த இடுக்கில் எல்லாம் வைத்து, துண்டுகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும்படி முகவரிகளைத் திருத்தினார்கள். 2024 ஏப்ரல் 18இல் கட்டளை போனது. ஒரு பக்கம் போகவே இருபத்திரண்டரை மணி நேரம். 20ஆம் தேதி பதில் வந்தது. பைனர்களுக்கும் இதே தலைவலிதான், இருப்பதை வைக்க இடம் வேண்டும். வித்தியாசம், நாசாகாரர்கள் அடுத்தவன் கப்பலைத் தூக்கவில்லை.

---

தூரத்து_ஒலி:

மேலே நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், இந்தத் திரி எபிசோடைவிட நன்றாகப் போகிறது. எனக்கும் ஒரு சந்தேகம். எல்லாம் முடிந்து கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். விசாரணை நடக்கும் என்கிறார் பிக்கார்ட், பைனர்களும் சரி என்கிறார்கள். அந்த விசாரணையைக் காட்டவே இல்லை. காசாளர் ஐயா, விசாரணை அதிகாரி நீங்கள் என்றால் என்ன தீர்ப்பு?

---

ஓய்வுபெற்ற_காசாளர்:

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

பணியில் இருந்தபோது இதுபோன்ற விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். காசை எடுத்தவர் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார், "சார், திருப்பி வச்சிட்டேன் சார்." சில சமயம் காரணமும் நிஜமாகவே இருக்கும், ஆஸ்பத்திரி, பிள்ளையின் ஃபீஸ். கேட்க மனசு கஷ்டமாக இருக்கும். ஆனால் தற்காலிகமாக எடுப்பதும் கையாடல்தான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 403ஆம் பிரிவின் கீழே உள்ள விளக்கமே அதைச் சொல்கிறது, கொஞ்ச காலத்துக்கு எடுத்தாலும் எடுத்ததுதான். திருப்பி வைத்தது தண்டனையைக் குறைக்க உதவும், குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

பைனர்கள் மேல் நான் இரண்டு குற்றச்சாட்டு வைப்பேன். கப்பலை எடுத்தது ஒன்று. அதில் கருணை காட்டலாம், ஒரு இனமே பிழைக்க வேண்டியிருந்தது, கப்பலும் கீறல் இல்லாமல் திரும்பி வந்தது. இரண்டாவதில் விட மாட்டேன். எதிர்ப்பொருள் வெடிக்கப்போகிறது என்று பொய் சொல்லி அத்தனை பேரை, குழந்தைகள் உட்பட, அடித்துப் பிடித்து ஓட வைத்தார்கள். அந்த நெரிசலில் யாராவது விழுந்து கையைக் காலை உடைத்திருந்தால்? கிளையில் தீ என்று பொய்க்கூச்சல் போட்டுவிட்டு ஸ்ட்ராங் ரூமைத் திறந்தவனை நான் வேலையில் வைத்துக்கொள்ள மாட்டேன்.

ஜோடியில் ஒருவருக்கு மட்டும் குற்றப்பத்திரிகை கொடுக்க முடியாது என்பது வேறு சிக்கல். நான்கு நகல் எடுக்க வேண்டும், ஜோடி ஜோடியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். பதில் விளக்கத்தையும் ஒருவர் பாதி, மற்றவர் பாதி என்றுதான் சொல்வார்கள். அதைப் பதிவு செய்யும் ஸ்டெனோவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.